ஞாயிறன்று குறையும் இருமல்: மரத்தூளும் தச்சரின் நுரையீரலும்

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. 16 வயதில் உளி பிடித்தவர். ஊரில் இருந்தவரை தேக்கிலும் வேங்கையிலும் நிலை, கதவு, சன்னல் செய்தார். 6 ஆண்டுகளாகக் கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீடுகளில் அலமாரி வேலை, சமையலறைப் பெட்டி வேலை. சில மாதங்களாக இரவு 2 மணி, 3 மணிக்கு இருமல் வந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பரவாயில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்த ஒரு வாரமும் இருமலே இல்லை. “மரத்தூள்தானே, சிமென்ட்டா, கல் தூளா? எங்கள் தாத்தா 75 வயது வரை இழைத்தார்” என்கிறார். வேலையின்போது மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்கிறார். மரத்தூள் அவ்வளவு கெடுதலா? அவர் தொழிலை விட்டுவிட வேண்டுமா?

பதில்:

சகோதரி, ஞாயிறன்று குறைகிறது, பொங்கல் வாரத்தில் அறவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான தகவல். எந்த ஸ்கேனும் இதைச் சொல்லாது. வேலைக்குப் போனால் கூடி, விடுப்பு எடுத்தால் குறைகிற இருமலும் இரைப்பும் வேலையால் வருபவை என்றே முதலில் கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்பது பரிசோதனையில் தெரிந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நெஞ்சக நோய் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தச்சர்கள் எங்களிடம் வந்து சேரும்போது பெரும்பாலும் சில ஆண்டுகள் இருமல் மருந்திலேயே கழிந்திருக்கும். உங்கள் கணவருக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை. நம் நாட்டில் 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், காரணம் எதுவாகத் தோன்றினாலும், காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். அதையும் ஒரு மார்பு எக்ஸ்ரேயையும் இந்த வாரமே முடித்துவிடுங்கள். இரைப்பு மிகுந்து ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எதற்கும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள்.

இருமல் ஏன் இரவில் வருகிறது? மரத்தூள்தான் காரணம் என்றால் வேலை செய்யும்போதே அல்லவா வர வேண்டும் என்று உங்கள் கணவர் கேட்பார். நியாயமான கேள்வி. இதற்கான விடை கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலிருந்து வந்தது. அங்கு மேற்கத்திய செஞ்சீடர் என்ற மரத்தை அறுக்கும் ஆலைகளில் பலருக்கு ஆஸ்துமா வந்தது. வான்கூவரில் மொய்ரா சான்-யூங் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்து, அந்த மரத்தில் உள்ள பிளிகாட்டிக் அமிலம்தான் காரணம் என்று நிறுவினார்கள். அந்தத் தூசியில் வேலை செய்தவர்களில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு ஆஸ்துமா வந்தது. பலருக்கு மூச்சுக்குழல் உடனே சுருங்கவில்லை. தூசியைச் சுவாசித்துப் பல மணி நேரம் கழித்தே சுருங்கியது. காலையில் அறுத்த மரம் மாலையிலும் இரவிலும் நெஞ்சை இறுக்கியது. வீட்டில் படுத்திருக்கும்போது இருமல் வருவதால் பனி, குளிர், தலையணைப் பஞ்சு, இரவு உணவு என்று எல்லாவற்றின் மீதும் சந்தேகம் போகும். பட்டறை மட்டும் தப்பிவிடும்.

அந்த ஆய்வில் என்னை மிகவும் கவலைப்படுத்தும் செய்தி வேறு. நோய் உறுதியான பிறகு அந்த வேலையை விட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, 10 பேரில் சுமார் 4 பேர்தான் முழுமையாகக் குணமடைந்திருந்தார்கள். மற்றவர்களுக்குத் தூசி போன பிறகும் ஆஸ்துமா போகாமல் நீடித்தது. யார் குணமடைந்தார்கள் என்று பார்த்தால், அறிகுறி தொடங்கியதிலிருந்து குறைந்த காலமே தூசியில் இருந்தவர்கள், நுரையீரலின் திறன் பெரிதும் குறைவதற்கு முன்பே கண்டறியப்பட்டவர்கள். சில மாதங்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதை இதனால்தான் நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறேன்.

“22 ஆண்டுகளாக ஒன்றும் செய்யாத தூசி இப்போது மட்டும் என்ன செய்துவிடும்?” என்றும் கேட்பார். ஒவ்வாமையின் இயல்பே அதுதான். உடல் ஒரு பொருளைப் பல மாதமோ பல ஆண்டோ சத்தமில்லாமல் அடையாளம் கண்டுகொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் எந்தத் தொந்தரவும் தெரியாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு, முன்பு தாங்கிய அளவில் மிகச் சிறு பங்கு தூசிகூட இரைப்பைக் கிளப்பப் போதும். அதோடு அவர் 6 ஆண்டுகளுக்கு முன் வேலையையே மாற்றிக்கொண்டிருக்கிறார். கையில் இருக்கும் கருவியும் அறுக்கும் பலகையும் நிற்கும் அறையும் மாறிவிட்டன.

இனி தாத்தாவைப் பற்றி. அவர் இழைப்புளியால் இழைத்தார். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் வரும். உளியிலிருந்து சிராய் வரும். கைவாளிலிருந்து வரும் தூள்கூட பெரும்பாலும் பருமனானது, காலடியிலேயே விழுந்துவிடும். அவர் வேலை செய்த இடம் வீட்டு வாசலாகவோ கொட்டகையாகவோ மரத்தடியாகவோ இருந்திருக்கும். காற்று நாலு பக்கமும் அடித்துக்கொண்டு போயிருக்கும். பேரனின் கையில் இருப்பது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் சுழலும் மார்பிள் கட்டர், பள்ளம் குடையும் ரவுட்டர், உப்புத்தாள் வட்டு மாட்டிய சாண்டர். மரத்தை இவை மாவாக்குகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் சத்தமும் தூசியும் வருவதாகச் சொன்னதால் சன்னல்கள் சாத்தியிருக்கும். தளம் கெடாமலிருக்க விரித்த அட்டை மீது உட்கார்ந்து, முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் பலகையை வைத்து அறுப்பார்கள். நான் பார்த்த பெரும்பாலான அடுக்குமாடி வேலைகள் இப்படித்தான் நடக்கின்றன. இந்த இருவரின் நுரையீரலையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 75 வயது வரை இழைத்த தாத்தாவைக் குடும்பம் நினைவு வைத்திருக்கிறது. அவரோடு வேலை பழக வந்து, இரைப்பு தாங்காமல் 2 ஆண்டில் வயல் வேலைக்கோ கடை வேலைக்கோ போனவர்களை யார் நினைவு வைத்திருப்பார்கள்? எந்தத் தொழிலிலும் முதுமை வரை நிற்பவர்கள் அதைத் தாங்கிய உடம்புக்காரர்கள். அவர்களை மட்டும் எண்ணினால் தொழில் தீங்கற்றது போலத் தோன்றும். தாத்தாவின் மரங்களும் அப்பாவிகள் அல்ல. தேக்கில் தோலையும் மூக்கையும் உறுத்தும் குயினோன் வகைப் பொருள்கள் உண்டு. தேக்குத் தூளால் கையிலும் கழுத்திலும் அரிப்பு வருவதைத் தச்சர்களே சொல்வார்கள். ஈட்டி மரம், இலங்கையில் முதிரை எனப்படும் மரம் ஆகியவற்றின் தூளும் தோல் அழற்சிக்குப் பேர்போனவை. இயற்கையாக வளர்ந்தது என்பதற்காக எதுவும் மூச்சுக்குள் போகத் தகுந்ததாகிவிடாது. பூச்சியும் பூஞ்சையும் அண்டாமலிருக்க மரம் தனக்குள் சேர்த்து வைக்கும் காப்புப் பொருள்களே நமக்கும் வினையாகின்றன.

தூளின் பருமனைப் புரிந்துகொண்டால் மற்றவை தானாகப் புரியும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். மூக்கு, வாய் வழியே உள்ளே போகக்கூடிய துகள்கள் ஏறத்தாழ 100 மைக்ரான் வரை. இவற்றில் பெரியவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். மூக்கடைப்பு, தும்மல், சைனஸ் தொல்லை, நாள்பட்ட மூக்கழற்சி இவற்றின் வேலை. 10 மைக்ரானுக்குக் குறைந்தவை மூச்சுக்குழல்களுக்குள் இறங்கும். சுமார் 4 மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் காற்றறைகள் வரை போகும். தரையில் குவிந்து கிடக்கும் தூளைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். அது விழுந்துவிட்டது, யாராவது கிளப்பாதவரை அதனால் மூச்சுக்குத் தொந்தரவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் மிதப்பதுதான் உள்ளே போகிறது. காற்று அசையாத அறையில் 10 மைக்ரான் துகள் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வரவே சுமார் 10 நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகள் பல மணி நேரம் தொங்கிக்கொண்டே இருக்கும். கருவியை நிறுத்திவிட்டு, துண்டை அவிழ்த்து, அதே அறையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் நேரம்தான் பலருக்கு மிக மோசமான நேரம்.

இதைக் கண்ணால் காண ஒரு வழி இருக்கிறது. உங்கள் கணவரை ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். மாலை இருட்டிய பிறகு அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, நல்ல வெளிச்சமுள்ள டார்ச் ஒன்றை, பலகைக்கு அப்பால், ஒளி தம்மை நோக்கி வருமாறு ஒரு முக்காலியில் வைக்க வேண்டும். விளக்கு நேராகக் கண்ணில் அடிக்காதபடி அதன் முன்னே ஓர் அட்டைத் துண்டை நிறுத்தலாம். உடன் இருப்பவர் முகமூடி அணிந்துகொண்டு அரை நிமிடம் மட்டும் சாண்டரை ஓட்டட்டும். பகலில் சுத்தமாகத் தெரிந்த காற்றில் வெள்ளைப் புகை போன்ற ஒன்று வட்டின் விளிம்பிலிருந்து கிளம்பி, முன்கை வழியாக ஏறி, நேரே தாடைக்கும் மூக்குக்கும் போவது தெரியும். ஓட்டுபவர் முகமூடிக்குப் பதில் துண்டு கட்டியிருந்தால், அவர் மூச்சை இழுக்கும்போது மூக்கின் இரு பக்க இடைவெளியிலும் அந்தப் புகை உள்ளே நுழைவதும் தெரியும். தொழிற்சாலை ஆய்வாளர்கள் தூசியைக் கண்டறியப் பயன்படுத்தும் முறையும் இதுதான். நான் பத்து முறை சொல்வதைவிட இதை ஒரு முறை பார்ப்பது மேல்.

எவ்வளவு தூசி வரை பரவாயில்லை? அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் ஒரு கன மீட்டர் காற்றில் 1 மில்லிகிராம் என்று பரிந்துரைக்கிறது. பிரிட்டனில் வன்மரத் தூளுக்கு 3, மென்மரத் தூளுக்கு 5 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வன்மரத் தூளுக்கு 2023 ஜனவரி முதல் 2 மில்லிகிராம். நம் தேக்கு, வேங்கை, பலா, வேம்பு, பூவரசு, ரப்பர் மரம், தைலமரம் எல்லாமே வன்மர வகை. பைனும் தேவதாருவும்தான் மென்மரம். ஆகவே நம் பட்டறைகளுக்குக் கடுமையான அளவையே பொருத்திப் பார்க்க வேண்டும். 10 அடிக்கு 10 அடி அறை, உயரமும் 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது சுமார் 28 கன மீட்டர் காற்று. அந்த அறையின் காற்றில் மொத்தமாக 28 மில்லிகிராம் தூள் மிதந்தால் அமெரிக்கப் பரிந்துரையின் எல்லை தொட்டாயிற்று. ஓர் அரிசி மணி ஏறக்குறைய 20 முதல் 25 மில்லிகிராம் இருக்கும். அதைவிடச் சற்றே கூடுதலான எடையுள்ள நுண்தூள் போதும். சன்னல் சாத்திய அறையில் ஓர் அலமாரிக் கதவைத் தேய்க்கும்போது பறப்பது எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எம்.டி.எஃப்., பிளைவுட், துகள் பலகை ஆகியவற்றில் இன்னொரு சிக்கல். இவற்றை ஒட்டும் பிசின் பெரும்பாலும் யூரியா-ஃபார்மால்டிஹைடு வகை. புதிய பலகைக் கட்டைப் பிரித்ததும் கண் எரிவதும், மழுங்கிய பிளேடால் பலகை கருகும்போது மூக்கைக் குத்தும் நெடி வருவதும் அந்தப் பிசினிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு வாயுவால்தான். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள்களில் சேர்த்தது. குறைந்த வாயு விடும் ‘இ-1’, ‘இ-0’ தரப் பலகைகள் சந்தையில் கிடைக்கின்றன. வீட்டுக்காரரிடம் சொல்லி அவற்றை வாங்க வைப்பது நல்லது. ஆனால் அந்த முத்திரை வாயுவைத்தான் குறைக்கும், தூளைக் குறைக்காது. எம்.டி.எஃப். என்பதே நார்நாராகப் பிரித்த மரத்தை அழுத்திச் செய்தது. அதை அறுத்தால் வருவது மாவுதான்.

புற்றுநோய் பற்றி எழுதாமல் விட்டால் பதில் முழுமையாகாது. இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரில் ஹை விக்கம் என்ற ஊர், நாற்காலி செய்வதில் தலைமுறை தலைமுறையாகப் பேர் பெற்றது. 1960களில் அங்கு காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட், மூக்கின் உள்ளறைகளில் வரும் மிக அரிதான ஒரு வகைப் புற்றுநோய் தம்மிடம் வழக்கத்துக்கு மாறாக அடிக்கடி வருவதையும், வருகிறவர்கள் மரச்சாமான் தொழிலாளர்களாக இருப்பதையும் கவனித்தார். ஆக்ஸ்ஃபோர்டில் அதே துறை மருத்துவரான ரொனால்ட் மேக்பெத்தும், நோய்ப்பரவலியலாளர் டொனால்ட் ஏச்சிசனும் இதில் சேர்ந்தார்கள். 1968இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, பீச், ஓக் போன்ற வன்மரங்களின் தூளோடு அந்த நோய்க்கு இருக்கும் தொடர்பை ஐயமின்றிக் காட்டியது. அடுத்த ஆண்டே பிரிட்டன் அதை இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாக அறிவித்தது. 1995இல் மேற்சொன்ன புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மரத்தூளையே முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் வரிசையில் வைத்தது.

இதைப் படித்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். மரவேலை செய்கிறவர்களிலும் இது அரிது. தூசியில் இறங்கிப் பல பத்தாண்டுகள் கழித்தே வருவது. உங்கள் கணவரின் இரவு இருமலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரே பக்க மூக்கு விடாமல் அடைத்திருப்பது, அந்தப் பக்கம் ரத்தம் கலந்த சளி வருவது, மணம் தெரியாமல் போவது ஆகியவை ஒரு மரத்தொழிலாளிக்கு வந்தால், அவர் தொழிலை விட்டு 20 ஆண்டு ஆகியிருந்தாலும், காது, மூக்கு, தொண்டை மருத்துவர் உள்நோக்கியால் பார்த்தே ஆக வேண்டும். தாத்தா காலத்து ஆட்கள் யாரேனும் இப்படிச் சொன்னால் அவர்களுக்கும் தெரிவியுங்கள்.

மழைக்காலத்தில் நனைந்து பூஞ்சை பிடித்த மரத்தையோ பழைய தூள் குவியலையோ கிளறுகிறவர்களுக்கு வேறு ஒரு நோய் வரலாம். வேலை செய்து சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், உடம்புவலி, மூச்சுத்திணறல் வந்து ஓரிரு நாளில் தணியும். மறுபடி போனால் மறுபடி வரும். மர அறுவை ஆலைகளில் இதைக் கவனிக்க வேண்டும். வைரஸ் காய்ச்சல் என்று நினைத்துக் கடந்துபோனால் நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பேறிவிடும்.

சரி, என்ன செய்வது? முகமூடியிலிருந்து தொடங்குவதுதான் எல்லோருக்கும் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தூசியைப் பிறக்கிற இடத்திலேயே பிடிக்க வேண்டும். இதை நம் சட்டமே சொன்னது: 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தூசியைப் பணியறையில் பரவவிடாமல் அது கிளம்பும் இடத்துக்கு இயன்றவரை அருகிலேயே உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்றது. அடுக்குமாடி வீட்டில் வேலை செய்யும் தச்சரிடம் எந்த ஆய்வாளரும் வருவதில்லை என்பதால் அந்தக் கொள்கை பொய்யாகிவிடாது.

முதல் மாற்றத்துக்குச் செலவே அதிகமில்லை: அறுப்பதைக் குறைப்பது. அளவெடுத்துக் கொடுத்தால் பலகையை மேசை ரம்பத்தில், உறிஞ்சு குழாயோடு வெட்டிக் கொடுக்கும் கடைகள் இப்போது பல நகரங்களில் இருக்கின்றன. ஓரம் ஒட்டியே கொடுக்கிறார்கள். அப்படி வாங்கினால் வீட்டுக்குள் நடப்பது பூட்டலும் சிறு திருத்தமும் மட்டும். வெட்டியே ஆக வேண்டியதை மொட்டை மாடியிலோ திறந்த முற்றத்திலோ, காற்று முதுகுப் பக்கமிருந்து வருமாறு நின்று வெட்டலாம். பிளேடைக் கூராக வைத்திருந்தால் தூளும் கருகலும் குறையும். தேய்ப்பதற்கு முன் இழைப்புளியாலும் சுரண்டு தகட்டாலும் வேலையை முடிந்த மட்டும் கொண்டுபோனால் சாண்டருக்கு மிச்சம் கொஞ்சம்தான். தாத்தாவிடமிருந்து உங்கள் கணவர் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

சாண்டர் வாங்கும்போது வட்டில் துளைகளும் பின்னால் குழாய் மாட்டும் வாயும் இருப்பதைப் பார்த்து வாங்கி, உறிஞ்சுக் கருவியோடு இணைக்க வேண்டும். கருவியோடு வரும் சின்னத் துணிப்பையை நம்ப முடியாது. பருந்தூளைப் பிடித்துக்கொண்டு நுண்தூளைத் துணி வழியே வெளியே விடுகிறது. வீட்டு வாக்குவம் கிளீனரும் பெரும்பாலும் அப்படியே. தொழிற்கூடங்களுக்கானவற்றில் ‘எம்’ வகை எனப்படுபவை உள்ளே வந்த தூசியில் 99.9 விழுக்காட்டைப் பிடித்துவைக்க வேண்டும் என்ற தரத்தில் செய்யப்படுபவை. விலை கூடுதல்தான். 3 பேர், 4 பேர் கூட்டாக வேலை எடுக்கும் குழு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். பட்டறை வைத்திருப்பவர் நிலையான குழாய் போடுவதானால், தூள் வழியில் படியாமலிருக்கக் குழாய்க்குள் காற்று நொடிக்கு 20 மீட்டர் அளவுக்காவது ஓட வேண்டும். சுவரில் ஒரு மின்விசிறியை மட்டும் மாட்டினால் தூசி மூக்கைத் தாண்டித்தான் வெளியே போகும்.

கம்ப்ரஸர் காற்றாலும் புளோயராலும் பலகையையும் சட்டையையும் ஊதிச் சுத்தம் செய்வதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நாள் முழுதும் தரையில் அடங்கிய நுண்தூளை ஒரே நிமிடத்தில் மூக்கின் உயரத்துக்குக் கொண்டுவரும் வேலை அது. உலர்ந்த துடைப்பமும் கிட்டத்தட்ட அதையே செய்கிறது. உறிஞ்சி எடுக்கலாம், ஈரத்துணியால் துடைக்கலாம், பெருக்கியே ஆக வேண்டுமென்றால் நீர் தெளித்துப் பெருக்கலாம். வேலை உடையை வாசலிலேயே கழற்றித் தனியாக வையுங்கள். குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு முகமூடி. துண்டும் அறுவை முகமூடியும் பருந்தூளைத் தடுக்கும். அதை மூக்கே தடுத்துவிடும். வேண்டியது என்-95 அல்லது எஃப்.எஃப்.பி.-2 வகை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 9473 என்ற எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பட்டைகளும் தலைக்குப் பின்னால் போக வேண்டும், காதில் மாட்டுபவை சரியாகப் படியாது. மூக்குத் தண்டின் மேல் உள்ள கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்தி விட வேண்டும். 3 நாள் தாடி இருந்தாலே விளிம்பில் காற்று கசியும். நம் வெயிலில் வால்வு வைத்தது ஓரளவு ஆறுதல் தரும். தூசிக்கு அதில் தவறில்லை. வேலை முடிந்து அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான் கழற்ற வேண்டும். சட்டைப் பையில் திணிக்காமல் மூடிய டப்பாவில் வைக்கலாம். மூச்சு இழுக்கக் கடினமானால் மாற்றிவிடுங்கள். பிசின் வாயுவையும் பாலிஷ் நெடியையும் இது தடுக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அவற்றுக்குக் கரி வடிகட்டி மாட்டிய வேறு முகமூடி தேவை.

ஊரில் பழைய கதவு புதுப்பிக்கும் வேலையும் அவர் செய்வதாக இருந்தால் ஒரு குறிப்பு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பிரித்து விற்கும் கதவுகளில் அடுக்கடுக்காகப் பழைய பெயின்ட் இருக்கும். பெயின்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி இங்கு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்நிலையில் சாண்டரால் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கும். ஈரமாக்கிச் சுரண்ட வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது.

மருத்துவரிடம் போவதற்கு முன் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு குழாய்க் கருவியை வாங்குங்கள். மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும், மின்சாரம் வேண்டாம். மூச்சை நிறைய இழுத்து, வேகமாக ஊதினால் முள் ஓர் எண்ணில் நிற்கும். ஒவ்வொரு தடவையும் மூன்று முறை ஊதி, பெரிய எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். எழுந்ததும், வேலைக்கு நடுவில், வேலை முடிந்ததும், படுக்கும் முன் என்று நாளுக்குக் குறைந்தது 4 தடவை. இரவில் இருமி எழுந்தால் அப்போதும். குறைந்தது 3 வாரமாவது எழுதுங்கள். இடையில் தொடர்ச்சியாகச் சில விடுப்பு நாள்கள் கட்டாயம் வர வேண்டும், ஏனென்றால் ஒரே ஒரு ஞாயிறு மூச்சுக்குழல் தேறுவதற்குப் போதாது. அன்றன்று எந்தப் பலகை, எந்தக் கருவி, சன்னல் திறந்திருந்ததா என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளட்டும். வேலை நாள்களில் எண் இறங்கி விடுப்பில் ஏறினால், அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மருத்துவமனையில் செய்யும் ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை, விடுப்பு நாளில் எடுத்தால் இயல்பாகவே வந்துவிடலாம். அந்த ஒரு தாளை நம்பி ஒன்றுமில்லை என்று திரும்பிவிடாதீர்கள். இந்தப் பதிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். மருந்து தொடங்கினால் தொடங்கிய நாளைக் குறித்துக்கொண்டு தொடர்ந்து ஊதினால் போதும்.

இன்ஹேலர் கொடுத்தால் மறுக்க வேண்டாம். பழகிவிடும், கடைசி மருந்து என்பதெல்லாம் தவறான எண்ணம். மாத்திரையைவிடக் குறைந்த அளவு மருந்து நேரே மூச்சுக்குழலுக்குப் போகிறது. ஆனால் இன்ஹேலரை இழுத்துக்கொண்டு அதே தூசியில் தொடர்வதை நான் ஏற்கமாட்டேன். இரைப்பு தற்காலிகமாக அடங்கும், சேதம் தொடரும். பீடி, சிகரெட் இருந்தால் அதை நிறுத்துவதும் சிகிச்சையின் பகுதிதான்.

நோய் உறுதியானால், மருத்துவச் சீட்டில் ‘ஆஸ்துமா’ என்று மட்டும் எழுதாமல் ‘தொழில்சார் ஆஸ்துமா, மரத்தூள்’ என்று எழுதித் தரும்படி கேளுங்கள். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் தொழில்சார் ஆஸ்துமா இருந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் பட்டியலிலும் இருக்கிறது. ஒரு முதலாளியின் கீழ் வேலை செய்கிறவராக இருந்தால், அந்த ஒரு சொல்லின் மேல்தான் உரிமை நிற்கும். தச்சர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் சேரத் தகுதியுள்ளவர்கள். இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள்.

தொழிலை விட வேண்டுமா என்று கேட்டீர்கள். பரிசோதனையில் வெறும் உறுத்தல்தான், ஒவ்வாமை இல்லை என்று தெரிந்தால் விட வேண்டியதில்லை. மேலே சொன்னபடி தூசியைக் கட்டுப்படுத்திவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஸ்பைரோமெட்ரி பார்த்துக்கொண்டு தொடரலாம். ஒவ்வாமையால் வந்த ஆஸ்துமா என்று உறுதியானால் என் கருத்து வேறு. அப்போது தூசியைக் குறைப்பது போதாது, அதிலிருந்து விலகியே ஆக வேண்டும், அதுவும் ஆண்டுக்கணக்கில் தள்ளாமல். 22 ஆண்டு அனுபவமுள்ளவருக்கு அளவெடுப்பது, வரைபடம், மதிப்பீடு, வெட்டி வந்த பலகைகளைப் பூட்டுவது, கீல், இழுப்பறைத் தண்டவாளம், பூட்டு பொருத்துவது என்று தூசி குறைந்த வேலைகள் இதே தொழிலுக்குள் நிறையவே இருக்கின்றன. வெட்டுவதும் தேய்ப்பதும் வேறு கைக்கும் வேறு இடத்துக்கும் போகட்டும்; அந்தக் கைக்கும் உறிஞ்சுக் கருவியும் நல்ல முகமூடியும் கொடுக்கப்பட வேண்டும். பூட்டும் வேலையில்கூட எண் இறங்கினால், அந்த அறையிலும் அவர் இருக்கக்கூடாது. இதை முடிவு செய்யப் பீக் ஃப்ளோ ஏடுதான் வேண்டும். அது கையில் இருந்தால் நெஞ்சக மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே பேச்சு சரியான இடத்தில் தொடங்கும். அவர் வெட்டும் பலகையின் பெயர், பிசினின் பெயர், பாலிஷ் டப்பாவின் ஒரு புகைப்படம் ஆகியவற்றையும் உடன் கொண்டு போங்கள்.